வேட்டை ரைபிள் ஸ்கோப்புகளின் தாங்குதிறன்

வேட்டை ரைபிளின் மேல் பொருத்தப்படும் குறிபார்க்கும் தொலைநோக்கி பொதுவழக்கில் ஸ்கோப் எனப்படுகிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளில் தயாராகும் உயர்தர ஸ்கோப்புகள் சில, அவை பொருத்தப்படும் ரைபிளைவிடவும் அதிக விலைக்கு விற்கப்படுகின்றன. மழை, பனி, குதிரைப் பயணம், விமானச் சரக்கு, பாறையில் விழுதல் ஆகியவை வேட்டையில் வழக்கமாக நேர்பவை. விலையுயர்ந்த ஸ்கோப் இவற்றையெல்லாம் தாங்கும் என்பது வாங்குபவரின் எதிர்பார்ப்பு. இது ஓரளவே சரியானது.

ஸ்கோப்பின் தாங்குதிறனில் மூன்று தனித்தனிக் கூறுகள் உள்ளன. முதலாவது, உடையாமல் இருப்பது. இரண்டாவது, நீரும் ஈரமும் உள்ளே புகாமல் இருப்பது. மூன்றாவது, குறிநிலை மாறாமல் இருப்பது. முதல் இரண்டிலும் உயர்தர ஸ்கோப்புகள் பெரும்பாலும் நன்றாகவே செயல்படுகின்றன. மூன்றாவது கூறில் விலைக்கும் உறுதிக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரானதன்று. உடைந்த ஸ்கோப்பைப் பார்த்தவுடனே கண்டுகொள்ளலாம். குறிநிலை மாறிய ஸ்கோப்போ பார்வைக்குப் புதியது போலவே தெளிவாக இருக்கும். சுட்டுப் பார்த்தால்தான் அதன் குறை வெளிப்படும்.

அமைப்பு

ஸ்கோப்பின் வெளிக்குழல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அதன் விட்டம் 25.4 மி.மீ., 30 மி.மீ., 34 மி.மீ. என்னும் அளவுகளில் அமைகிறது. முன்முனையில் ஒளியைத் திரட்டும் பெரிய லென்சும், பின்முனையில் கண் வைத்துப் பார்க்கும் லென்சும் உள்ளன. இவற்றுக்கு இடையே, வெளிக்குழலுக்குள் ஒரு சிறிய உட்குழல் உள்ளது. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்துவதும், பிம்பத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதும் இந்த உட்குழலில் உள்ள லென்சுகளின் வேலை.

உட்குழலின் ஒரு முனை அசையும் மூட்டு ஒன்றில் தாங்கப்பட்டிருக்கும். மறுமுனையை மேலிருந்து ஒரு திருகும் பக்கவாட்டிலிருந்து ஒரு திருகும் தொட்டுக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வில்சுருள் அல்லது தகட்டுவில் உட்குழலை இந்தத் திருகுகளின் மீது அழுத்திப் பிடிக்கும். திருகைத் திருப்பினால் உட்குழல் நுண்ணிய அளவு சாய்ந்து குறிநிலை மாறும். ஐரோப்பிய ஸ்கோப்புகள் பலவற்றில் ஒரு கிளிக் திருப்பினால் 100 மீட்டர் தொலைவில் 1 செ.மீ. இடப்பெயர்ச்சி ஏற்படும்.

குண்டு படும் இடமும் குறிக்கோடு காட்டும் இடமும் ஒரு குறிப்பிட்ட தொலைவில் ஒன்றாக இருக்கும்படி ஸ்கோப்பை அமைப்பதற்குச் 'சீரோ செய்தல்' என்று பெயர். இந்தச் சீரோ நிலைக்குத் தேவைப்படும் துல்லியம் மிக நுண்ணியது. முன்லென்சின் குவியத்தூரம் 150 மி.மீ. எனக் கொண்டால், குறிக்கோட்டுக்கும் பிம்பத்துக்கும் இடையே 0.015 மி.மீ. விலகல் ஏற்பட்டாலே 100 மீட்டரில் 1 செ.மீ. பிழை வரும். மனிதத் தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய இந்த இடைவெளியை வில்லின் அழுத்தமும் திருகுகளும் மட்டுமே காத்து நிற்கின்றன.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் ஸ்கோப்புகள் நீளமானவை. 1855ஆம் ஆண்டு முதல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் தயாரித்த ஸ்கோப்புகள் பல, ஏறத்தாழத் துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கே இருந்தன. அக்காலத்தில் சீரோ செய்வதற்கான திருகுகள் ஸ்கோப்புக்கு வெளியே, அதன் தாங்கிகளில் இருந்தன. முழுக் குழலையும் சாய்த்தே குறிநிலை மாற்றப்பட்டது.

1930களில் பிட்ஸ்பர்க்கில் ஜான் அன்டர்ல் தயாரித்தவை போன்ற வெளித்திருகு ஸ்கோப்புகளில் பின்னுதைப்பைச் சமாளிக்க எளிய வழி ஒன்று கையாளப்பட்டது. சுடும்போது ரைபிள் பின்னுக்குப் போக, ஸ்கோப் தாங்கிகளுக்குள் வழுக்கித் தன் இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் அதைக் கையால் பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். அதிர்ச்சி ஸ்கோப்புக்குக் கடத்தப்படுவது இதனால் குறைந்தது. எனினும் மழையிலும் சேற்றிலும் அலையும் வேட்டைக்கு இந்த ஏற்பாடு பொருந்தவில்லை. திருகுகளை உள்ளே வைத்து மூடிய ஸ்கோப்புகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலாயின.

ஈரம் இன்னொரு பெரும் சிக்கலாக இருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1907ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லியூபோல்ட் நிறுவனம் முதலில் நில அளவைக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்தது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த மார்கஸ் லியூபோல்ட் மான் வேட்டைக்குச் சென்றபோது ஸ்கோப்பின் உள்ளே நீராவி படிந்து குறி தவறியதாகவும், அதன் பிறகே ஸ்கோப் தயாரிப்பில் இறங்கியதாகவும் அந்நிறுவனம் கூறுகிறது. அதன் முதல் ஸ்கோப் 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. காற்றை வெளியேற்றி உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி மூடும் முறை பின்னர் எல்லா நல்ல ஸ்கோப்புகளிலும் வழக்கமாயிற்று. சில நிறுவனங்கள் நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கானைப் பயன்படுத்துகின்றன.

பின்னுதைப்பின் அழுத்தம்

ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்கோப் கடுமையான அதிர்ச்சிக்கு உள்ளாகிறது. எடுத்துக்காட்டாக, .308 வின்செஸ்டர் தோட்டாவில் 9.7 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. ஸ்கோப்புடன் சேர்த்து 3.6 கிலோ எடையுள்ள ரைபிள் இதனால் நொடிக்குச் சுமார் 3.3 மீட்டர் வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படும். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அவ்வளவு குறுகிய நேரத்தில் இந்த வேகத்தின் பெரும்பகுதி ஏற்படுவதால், ரைபிளின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சராசரியாக 200 மடங்கைத் தாண்டுகிறது. அதன் உச்சம் இதைவிடவும் அதிகம்.

இதன் விளைவு ஸ்கோப்பின் எடையைப் பொறுத்தது. 200 மடங்கு முடுக்கத்தில் 500 கிராம் ஸ்கோப் தன் தாங்கியின் மீது 100 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்துகிறது. 900 கிராம் ஸ்கோப் செலுத்துவது 180 கிலோவுக்கு ஈடான விசை. 56 மி.மீ. முன்லென்சு, ஒளிரும் குறிக்கோடு, 8 மடங்கு உருப்பெருக்க வீச்சு ஆகியவற்றைக் கொண்ட ஸ்கோப்புகள் எடை மிகுந்தவை. விலையை உயர்த்தும் இதே வசதிகள் ஸ்கோப் தாங்க வேண்டிய சுமையையும் உயர்த்துகின்றன.

ஆயினும் பின்னுதைப்பு எப்போதும் குழலின் நீளவாக்கிலேயே செயல்படுகிறது. தயாரிப்பாளர்கள் இத்திசையிலான அதிர்ச்சியைக் கணக்கிட்டே லென்சுகளையும் உட்குழலையும் பிணைக்கின்றனர். அதனால் உயர்தர ஸ்கோப்புகள் ஆயிரக்கணக்கான சூடுகளைத் தாங்குகின்றன. வில்விசைக் காற்றுத் துப்பாக்கிகள் இதற்கு ஒரு விதிவிலக்கு. அவற்றின் உள்ளிருக்கும் உந்துதண்டு முன்னே பாய்ந்து திடீரென நிற்பதால், துப்பாக்கி முதலில் பின்னுக்கும் உடனே முன்னுக்குமாக இருமுறை உதறுகிறது. பெரிய வேட்டைத் தோட்டாக்களைத் தாங்கும் ஸ்கோப்புகூட, முன்னோக்கிய உதறலுக்கென வடிவமைக்கப்படாவிட்டால் இத்தகைய காற்றுத் துப்பாக்கியில் பழுதாகக்கூடும்.

விழுதலும் இடித்தலும்

கீழே விழும்போது ஏற்படும் அதிர்ச்சி வேறு வகையானது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ரைபிள் பாறையில் பட்டு 2 மி.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால், அதன் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 500 மடங்கு. இது மேலே கூறிய பின்னுதைப்பின் சராசரியைவிட அதிகம். மேலும் இந்த அடி பெரும்பாலும் பக்கவாட்டிலோ மேலிருந்தோ விழுகிறது. முன்லென்சின் அகன்ற விளிம்பு தரையில் பட்டால் முழுக் குழலும் நெம்புகோல் போலச் செயல்பட்டு வளையங்களை முறுக்குகிறது.

உட்குழலைப் பிடித்திருக்கும் வில் இத்தகைய பக்கவாட்டு அடியில் ஒரு கணம் அமுங்கிக்கொடுக்கிறது. உட்குழல் திருகை விட்டு விலகி மீண்டும் அதன்மேல் வந்து அமர்கிறது. முன்பிருந்த அதே புள்ளியில் அமர்ந்தால் சீரோ மாறாது. தொடும் பரப்பில் உராய்வு மிகுந்திருந்தாலோ, வில் வலுக்குறைந்திருந்தாலோ, திருகின் புரிகளில் தளர்வு இருந்தாலோ சற்று விலகி அமரும். சில நேரங்களில் விலகி அமர்ந்த உட்குழல் அடுத்த இரண்டு மூன்று சூடுகளின் அதிர்வில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. காட்டில் குறி தவறிய ரைபிள் மறுநாள் சுடுதளத்தில் சரியாகச் சுடுவதற்கு இது ஒரு காரணம்.

வில்லை வலுவாக்கினால் தாங்குதிறன் கூடும். ஆனால் திருகு கடினமாகும். தேய்மானமும் எடையும் கூடும். உருப்பெருக்கத்தை மாற்ற இயலாத ஸ்கோப்புகளில் அசையும் உறுப்புகள் குறைவு என்பதால், அவற்றில் பிழை நேரும் இடங்களும் குறைவு. எளிய அமைப்புடைய குறைந்த விலை ஸ்கோப் ஒன்று, நுட்பம் மிகுந்த விலையுயர்ந்த ஸ்கோப்பைவிடச் சீரோவை நன்றாகக் காப்பது இதனால் இயல்பே.

நீர், குளிர், வெப்பம்

நீர்த்தடுப்பே உயர்தர ஸ்கோப்புகளின் வலிமையான பக்கம். இணைப்பு ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் இட்டு, உள்ளே உலர்ந்த வாயு நிரப்பப்படுகிறது. ஐ.பி.எக்ஸ். 7 என்னும் தரக்குறியீடு, கருவி 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடங்கள் இருந்தும் பாதிக்கப்படவில்லை என்பதைக் குறிக்கிறது. பல உயர்தர ஸ்கோப்புகள் இதைவிட ஆழமான நீருக்கும் சோதிக்கப்படுகின்றன. ஆயினும் ரப்பர் வளையங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடிப்பதால் இத்தடுப்பு நிரந்தரமன்று.

உள்ளே படியும் நீராவியும் வெளியே படியும் நீராவியும் வெவ்வேறானவை. குளிரில் இருந்த ஸ்கோப்பைச் சூடான அறைக்குக் கொண்டு வந்தாலோ, கண்லென்சின் மீது மூச்சுக்காற்று பட்டாலோ வெளிப்பரப்பில் நீர்த்துளிகள் படியும். எந்த வாயுவை நிரப்பினாலும் இதைத் தவிர்க்க இயலாது. நீர் ஒட்டாத மேற்பூச்சு இத்துளிகளை விரைவில் வழிந்தோடச் செய்கிறது.

வெப்பநிலை மாற்றமும் குறிநிலையைப் பாதிக்கக்கூடும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவடைகிறது. வளையங்களுக்கு இடையே 100 மி.மீ. தூரம் இருந்து வெப்பநிலை 40 பாகை மாறினால், அலுமினியக் குழலின் நீளம் 0.09 மி.மீ. அளவும் எஃகு அடித்தாங்கியின் நீளம் 0.05 மி.மீ. அளவும் மாறும். இந்த வேறுபாடு இணைப்புகளில் இறுக்கத்தை உண்டாக்குகிறது. கடுங்குளிரில் மசகு கெட்டியாகித் திருகுகள் கடினமாவதும், ஒளிரும் குறிக்கோட்டுக்கான மின்கலம் வலுக்குன்றுவதும் உண்டு.

இதன் முக்கியத்துவத்தை ஸ்கோப்புக்கு நெருங்கிய மற்றொரு கருவியின் வழக்கு காட்டுகிறது. ஈ.ஓ.டெக் நிறுவனத்தின் ஹோலோகிராஃபிக் குறிநோக்கிகள் வெப்பநிலை மாறும்போது குறிநிலை விலகும் குறையை மறைத்து அமெரிக்கப் படைகளுக்கு விற்கப்பட்டன என அந்நாட்டு அரசு வழக்குத் தொடுத்தது. 2015ஆம் ஆண்டு அவ்வழக்கு 2.56 கோடி டாலர் தொகையில் சமரசமாக முடிந்தது. புகழ்பெற்ற கருவியிலும் வெளித்தெரியாத குறை பல ஆண்டுகள் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

தாங்கியும் வளையங்களும்

குறிநிலை மாறும்போது முதலில் ஐயப்பட வேண்டியது ஸ்கோப்பை ரைபிளுடன் இணைக்கும் தாங்கியையே. வளையங்களுக்கு இடையே 100 மி.மீ. தூரம் இருக்கும்போது, ஒரு வளையம் மட்டும் 0.1 மி.மீ. நகர்ந்தால் 100 மீட்டரில் 10 செ.மீ. பிழை ஏற்படும், 200 மீட்டரில் 20 செ.மீ. ஆகும். 0.1 மி.மீ. என்பது ஏறத்தாழ ஒரு காகிதத் தாளின் தடிமன். 3,000 டாலர் ஸ்கோப்பை மலிவான வளையங்களில் பொருத்தினால் அதன் நம்பகத்தன்மை வளையங்களின் நம்பகத்தன்மையே.

திருகுகளை அளவுக்கு மீறி முடுக்குவதும் கேடு. வளையத் திருகுகளுக்குப் பொதுவாக 2 நியூட்டன்-மீட்டரை ஒட்டிய முறுக்குவிசையே பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கு மேல் முடுக்கினால் வெளிக்குழல் நசுங்கி, உள்ளே அசைய வேண்டிய உட்குழல் சிக்கிக்கொள்ளும். வளையம் நேராக அமையாவிட்டாலும் குழல் வளைந்து இதே நிலை ஏற்படும். திருகுகளில் எண்ணெய்ப் பசையை நீக்கிப் பொருத்துவதும், முறுக்குவிசை அளவிடும் திருப்புளியைப் பயன்படுத்துவதும் வழக்கம். ஐரோப்பிய நிறுவனங்கள் சில, குழலின் அடிப்பகுதியிலேயே ஒரு தண்டவாளத்தை அமைத்து வளையம் இல்லாமல் பொருத்த வழிசெய்கின்றன. குழல் நசுங்குவதும் வழுக்குவதும் இதில் தவிர்க்கப்படுகின்றன.

விலை எதற்காக

ஸ்கோப்பின் விலை உயர்வில் பெரும்பங்கு ஒளியியல் தரத்துக்கே செல்கிறது. உயர்ந்த கண்ணாடி, நிறப்பிறழ்ச்சி குறைந்த லென்சுகள், பல அடுக்கு எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு ஆகியவை அதில் அடங்கும். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சை 1935ஆம் ஆண்டு ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் சுமகுலா உருவாக்கினார். மத்திய ஐரோப்பாவில் காட்டுப்பன்றி வேட்டை அந்திக்குப் பின்பும் நிலவொளியிலும் உயர்மேடைகளில் அமர்ந்து நடப்பதால், மங்கிய ஒளியில் தெளிவாகக் காட்டும் ஸ்கோப்புக்கு அங்கு மதிப்பு அதிகம். மலைப்பாறைகளில் தவழ்ந்தும், குதிரைச் சேணத்தின் உறையில் வைத்தும் ரைபிளைக் கொண்டு செல்லும் அமெரிக்க மேற்குப் பகுதி வேட்டைக்காரருக்குக் கடைசி அரைமணி நேர ஒளியைவிடச் சீரோ மாறாமையே முதன்மையானது. ஒரே விலையுள்ள இரு ஸ்கோப்புகள் இந்த வேறுபட்ட தேவைகளுக்காக அமைக்கப்பட்டிருக்கலாம். எனவே எடை, வசதி, தெளிவு, உறுதி ஆகியவற்றில் தயாரிப்பாளர் எதற்கு முன்னுரிமை அளித்துள்ளார் என்பதை விலைச்சீட்டு காட்டாது.

உத்தரவாதமும் உறுதிக்கு ஈடாகாது. லியூபோல்ட் போன்ற நிறுவனங்கள் ஆயுள்கால உத்தரவாதம் வழங்குகின்றன. பழுதான கருவி அதனால் திரும்பச் சீராகும். தவறிய குறி சீராகாது.

சோதனைகள்

ஒளியியல் கருவிகளைச் சூழல் தாக்கங்களுக்கு உட்படுத்திச் சோதிக்கும் முறைகளை ஐ.எஸ்.ஓ. 9022 என்னும் பன்னாட்டுத் தரநிலை வகுக்கிறது. தயாரிப்பாளர்கள் தமக்கெனத் தனிச் சோதனைகளையும் வைத்துள்ளனர். லியூபோல்ட் நிறுவனம் .308 ரைபிளின் பின்னுதைப்பைப் போல் மூன்று மடங்கு அதிர்ச்சியை 5,000 முறை செலுத்தும் பொறியொன்றைப் பயன்படுத்துவதாகத் தெரிவிக்கிறது. இவ்வகைப் பொறிகள் பின்னுதைப்பை ஒத்த அதிர்ச்சியையே முதன்மையாகச் சோதிக்கின்றன. பாறையில் பக்கவாட்டில் விழும் நிலைக்கு அவை முழுச் சான்றாகா.

ஸ்கோப் வைத்திருப்பவர் தாமே செய்யக்கூடிய சோதனைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று சதுரச் சோதனை. சீரோ நிலையில் சுட்டபின், திருகுகளை மேலே, வலப்பக்கம், கீழே, இடப்பக்கம் எனச் சம எண்ணிக்கைக் கிளிக்குகள் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியைக் குறிபார்த்துச் சுட வேண்டும். குண்டுத் துளைகள் சதுரமாக அமைந்து, கடைசிக் குண்டு முதல் துளையருகே விழுந்தால் திருகுகளும் வில்லும் சரியாகச் செயல்படுகின்றன. மற்றொன்று, நீண்ட பயணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வகைத் தோட்டாவால் சுட்டு ஒப்பிடுவது. குறிநிலை மாறியிருந்தால் தாங்கித் திருகுகள், மரக்கட்டையின் பொருத்தம், தோட்டா ஆகியவற்றை முறையே சரிபார்த்து, பிறகே ஸ்கோப்பைக் குறைகூற வேண்டும். ஈரத்தில் ஊதிய மரக்கட்டை துப்பாக்கிக் குழலை அழுத்துவதும், குளிரில் வெடிமருந்தின் வேகம் குறைவதும் ஸ்கோப்பின் குறை போலவே தோன்றும். நன்கு செயல்படுவதாக ஏற்கெனவே அறியப்பட்ட வேறொரு ஸ்கோப்பை அதே ரைபிளில் பொருத்திச் சுட்டால் ஐயம் தீரும்.

குறிநிலை மாற்றத்தின் விளைவு

ஐரோப்பியக் காடுகளில் பரவலாக வேட்டையாடப்படும் ரோ மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 15 செ.மீ. அகலமே உடையது. அதன் நடுவைக் குறிபார்த்துச் சுட்ட குண்டு 10 செ.மீ. விலகினால் குடலிலோ காலிலோ பாயும். விலங்கு உடனே சாகாது. காயத்துடன் ஓடி மறைந்து, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ துன்புற்று இறக்கும். ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 22அ பிரிவு, காயமுற்ற விலங்கின் துன்பத்தை நீடிக்க விடாமல் விரைந்து முடிக்க வேண்டிய கடமையை வேட்டைக்காரர் மீது சுமத்துகிறது. அதற்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட மோப்ப நாய்களைக் கொண்டு இரத்தத்தடம் பின்தொடரப்படுகிறது.

நார்வேயில் பெரிய விலங்குகளை வேட்டையாட விரும்புவோர் ஆண்டுதோறும் சுடுதேர்வில் தேற வேண்டும். குறைந்தது 30 பயிற்சிச் சூடுகளுக்குப் பின், 100 மீட்டர் தொலைவில் உள்ள விலங்கு உருவத்தில் 30 செ.மீ. வட்டத்துக்குள் 5 குண்டுகளையும் செலுத்த வேண்டும். இத்தேர்வு சுடுபவரின் திறமையோடு ரைபிளையும் ஸ்கோப்பையும் சேர்த்தே சோதிக்கிறது. எனினும் தேர்வுக்கும் வேட்டைக்கும் இடையே ரைபிள் ஒருமுறை கீழே விழுந்தாலும் அச்சோதனையின் பயன் முடிந்துவிடுகிறது. இதனால்தான், ஸ்கோப் எவ்வளவு விலையுடையதாயினும், பலமாக அடிபட்ட பின்பு ஓரிரு முறையேனும் இலக்குத் தாளில் சுட்டுப் பார்க்காமல் விலங்கை நோக்கிச் சுடலாகாது என்பது தேர்ந்த வேட்டைக்காரரிடையே நடைமுறை விதியாக உள்ளது.